வாக்குத்தத்த அட்டையும் சொட்டுக் கணக்கும்: டெல்லியில் ஒரு தமிழ் நர்ஸின் தேர்வு

டெல்லியில் வேலை பார்க்கும் தமிழ் நர்ஸ்களிடம் பேச்சுக் கொடுத்தால் ஐந்து நிமிடத்துக்குள் நார்செட் வந்துவிடும். எய்ம்ஸ் மருத்துவமனைகளுக்கு நர்சிங் ஆபீசர்களை எடுப்பதற்கான பொதுத் தேர்வு அது, 2020இல் தொடங்கியது. தேறிவிட்டால் ஏழாவது ஊதியக் குழுவின் லெவல் 7, அடிப்படைச் சம்பளம் மட்டுமே 44,900 ரூபாய். தனியார் ஐசியுவில் இரவு 8 மணிக்கு ஏறி காலை 8 மணிக்கு இறங்கும் பெண்ணுக்கு இந்த எண் என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. தனியார் மருத்துவமனைச் சம்பளம் பற்றி உச்ச நீதிமன்றம் 2016இல் சொன்னதன் பேரில் மத்திய அரசு ஒரு குழு போட்டது. 200 படுக்கைக்கு மேல் இருந்தால் அரசு நர்ஸுக்கு இணையான சம்பளம், 50 படுக்கைக்குள் இருந்தாலும் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. பரிந்துரை காகிதத்தில் பத்திரமாக இருக்கிறது. அதனால்தான் எல்லோரும் நார்செட் எழுதுகிறார்கள்.

இந்த ஆய்வு அப்படி எழுதிய ஒரு பெண்ணைப் பற்றியது. நான் பல வருஷம் நர்சிங் மாணவிகளுக்குப் பாடம் எடுத்தவள். இப்போது ஓய்வுபெற்று ஆர்.கே. புரத்தில் இருக்கிறேன். அவளும் நானும் ஒரே தமிழ்ச் சபைக்குப் போகிறோம். அவள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயர், சபை, மருத்துவமனை எதுவும் வேண்டாம் என்று இருவரும் பேசி முடிவு செய்தோம்.

பின்னணி

ஊர் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் பக்கம். அப்பாவுக்கு ஒரு சின்னப் பலசரக்குக் கடை, அம்மா வீட்டில், தம்பி பாலிடெக்னிக்கில். வங்கிக் கல்விக் கடனில் பி.எஸ்சி. நர்சிங் முடித்தாள். கடன் தவணை தொடங்கும்போதே டெல்லி ரயிலில் ஏறிவிட்டாள். தெற்கு டெல்லியில் ஒரு தனியார் மருத்துவமனையின் ஐசியுவில் வேலை கிடைத்தது.

தங்கியது சராய் ஜுலேனாவில். ஓக்லா பக்கம், பெரிய மருத்துவமனைகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட பழைய கிராமம் அது. பல வருஷமாகவே மலையாளி நர்ஸ்களின் ஊர். சந்துக்குள் நுழைந்தால் கப்பையும் மத்தியும் கிடைக்கும், எல்லா மாடியிலும் வெள்ளை யூனிஃபார்ம் காயும். இவளுக்கு அறைத் தோழிகள் இரண்டு பேர், இருவரும் கோட்டயம் பக்கத்துப் பெண்கள். ஞாயிறு மாலை தமிழ் ஆராதனைக்கு மெட்ரோ பிடித்து வருவாள். பாடகர் குழுவில் ஆல்டோ, அதாவது பெண்களில் தாழ்ந்த குரல் வரிசை.

முதல் தடவை தேர்வு எழுதியபோது எதுவும் படிக்கவில்லை. என்னதான் கேட்கிறார்கள் என்று பார்க்கப் போனாள், தேறவில்லை, அதைப் பற்றி வருத்தமும் இல்லை.

இரண்டாவது தடவைதான் விஷயம். ஆன்லைன் வகுப்புக்குப் பணம் கட்டினாள். நைட் முடிந்து வந்து, குளித்துவிட்டு, காலை ஒன்பதரையிலிருந்து ஒரு மணி வரை வீடியோ பார்த்தாள். சபையில் ஜெப விண்ணப்பம் கொடுத்தாள். டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை (புது வருஷத்துக்கு ஆளுக்கொரு வேத வசனம் அச்சடித்த சீட்டு) எடுத்தபோது அவள் கையில் வந்தது, “கர்த்தர் உன்னை வாலாக்காமல் தலையாக்குவார்.” சபையில் இருந்த அத்தனை அக்காமாரும் அத்தைமாரும் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்கள். ஏப்ரலில் தேர்வு. தேறியவர்களின் ரோல் நம்பர்களை எய்ம்ஸ் ஒரு பிடிஎஃப் கோப்பாகப் போடும். அதில் அவள் நம்பர் இல்லை.

அதற்குப் பிறகு

தேறாதது ஒரு அடி. அதை எல்லோருக்கும் சொல்ல வேண்டியிருந்தது இன்னொரு அடி. அந்த ஞாயிற்றுக்கிழமை வாசலிலேயே ஒருவர், “என்னம்மா, சாட்சி எப்ப சொல்லப்போற?” என்று கேட்டார். தேவன் செய்த நன்மையைச் சபை முன்னால் எழுந்து சொல்வதுதான் சாட்சி. நல்ல மனசோடு கேட்டதுதான். இன்னொருவர் விசுவாசத்தில் எங்கேயோ குறை இருக்கும் என்றார். மூன்றாமவர் மூன்று நாள் உபவாசம் இருந்து கேள் என்றார். இவளும் இருந்தாள், நைட் டூட்டியோடு சேர்த்து. இரண்டாவது ராத்திரி மருந்து டிராலியைப் பிடித்துக்கொண்டே தலைசுற்றி உட்கார்ந்துவிட்டாள். நல்லவேளை, கையில் ஊசி எதுவும் இல்லை.

அப்புறம் வருவதை நிறுத்திவிட்டாள். அம்மா போன் செய்தால் எடுப்பதில்லை, பிறகு “டூட்டில இருந்தேன்” என்று ஒரு மெசேஜ். மலையாளித் தோழிகளில் மூத்தவள்தான் என் நம்பரைத் தேடிப் பிடித்துக் கூப்பிட்டாள். அவளுக்குத் தமிழ் அரைகுறை, எனக்கு மலையாளம் அரைகுறை. ஆனாலும் விஷயம் புரிந்தது. சாப்பிடுவதில்லை, பகலில் தூங்குவதில்லை, டூட்டிக்கு மட்டும் போய் வருகிறாள்.

வீட்டுக்கு வரச் சொன்னேன். வந்தாள். “கர்த்தர் என்னை மறந்துட்டாருக்கா. இல்லன்னா நான் அவருக்கு வேண்டாதவளாயிருக்கணும்” என்றாள். பதில் சொல்லாமல் சோறு போட்டேன். தெற்கத்திச் சாளைக் குழம்பு இல்லை, ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் கிடைத்த ஏதோ ஒரு மீன். சாப்பிட்டுவிட்டு சோஃபாவிலேயே தூங்கிப்போனாள். சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் எழுந்தாள்.

என்ன நடந்திருக்கிறது

மனச்சோர்வு என்றதும் சபையில் உடனே ஆவிக்குரிய காரணம் தேடுகிறோம். நர்ஸாக இருந்த எனக்கு முதலில் கண்ணில் பட்டது தூக்கம். பன்னிரண்டு மணி நேரம் கண் விழித்தவள் உடனே மூன்றரை மணி நேரம் பாடம் கேட்டிருக்கிறாள். படித்தது மனதில் பதிய வேண்டும் என்றால் மூளைக்குத் தூக்கம் வேண்டும்; இவள் அதையே வெட்டித்தான் படிப்புக்கு நேரம் கண்டுபிடித்திருக்கிறாள். மாதக்கணக்கில் இப்படி ஓடியவளுக்கு ரிசல்ட் நல்லபடியாக வந்திருந்தாலும் உடம்பு எங்கேயாவது காட்டிக்கொடுத்திருக்கும்.

வேதாகமம் இதை நம்மைவிட நன்றாகப் புரிந்து வைத்திருக்கிறது. 1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தில் எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் ஆண்டவரே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்கிறான். கர்மேல் மலையில் அத்தனை பெரிய வெற்றி பார்த்தவன், அடுத்த அதிகாரத்திலேயே சாக வேண்டும் என்று கேட்கிறான். அவனுக்குப் பிரசங்கம் செய்ய யாரும் வரவில்லை. விசுவாசம் குறைவு என்று யாரும் திட்டவில்லை. தூங்குகிறான். தூதன் தட்டி எழுப்புகிறான், தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் இருக்கின்றன. சாப்பிட்டுவிட்டு மறுபடி தூங்குகிறான். இரண்டாவது தடவை எழுப்பும்போதுதான், “நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்” என்ற பேச்சே வருகிறது. ஓரேப் மலையில் அவனுக்குக் கேள்வியும் புதிய வேலையும் வருவது நாற்பது நாள் கழித்து. இந்த வரிசையை நம் ஆட்கள் தலைகீழாகச் செய்கிறார்கள்: முதலில் கேள்வி, பிறகு உபவாசம், சாப்பாடு கடைசியில்.

அட்டை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். அட்டைக்கு நான் எதிரி இல்லை. என் பீரோக் கதவிலும் ஒன்று ஒட்டியிருக்கிறது. ஆனால் அந்த வசனம் இருப்பது உபாகமம் 28இல். ஒரு முழு ஜனத்தைப் பார்த்து, கட்டளைகளுக்குச் செவிகொடுத்தால் என்ற நிபந்தனையோடு மோசே சொல்வது. அதிலிருந்து ஒரு வரியை மட்டும் வெட்டி அட்டையில் அச்சடித்து 26 வயதுப் பெண் கையில் கொடுத்தால், அவள் அதை ஏப்ரல் மாதத் தேர்வுக்கு ஹால் டிக்கெட்டாக எடுத்துக்கொள்வதில் ஆச்சரியம் என்ன? நம்பர் வராதபோது தேர்வில் தோற்றதாக அவள் நினைக்கவில்லை, தேவன் வாக்குத் தவறிவிட்டதாக நினைத்தாள். இரண்டும் ஒரே எடை இல்லை.

இத்தனைக்கும் அடியில், யாருமே எட்டிப் பார்க்காத ஒரு சாதாரணக் காரணம் இருந்தது. அவள் தேறாததற்கு நேரடிக் காரணமே அதுதான்.

நார்செட் 2023இலிருந்து இரண்டு கட்டமாக நடக்கிறது. பிரிலிம்ஸில் 100 கேள்வி, 90 நிமிடம், ஒவ்வொரு தவறுக்கும் மூன்றில் ஒரு பங்கு மார்க் போகும். அவளுடைய ஓ.பி.சி. பிரிவில் குறைந்தபட்சம் 45 சதவீதம் வேண்டும். அது வெறும் வாசல்படி. காலியிடத்தையும் கூட்டத்தையும் பொறுத்து நிஜக் கட்-ஆஃப் மேலே போகும். அவள் கொஞ்சம் தேறி வந்த பிறகு என் சாப்பாட்டு மேஜையில் உட்காரவைத்து, கடிகாரம் வைத்து, ஒரு மாதிரித் தேர்வு எழுதச் சொன்னேன். கூடவே ஒரு விதி: குருட்டாம்போக்கில் போடுகிற பதிலுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைக்க வேண்டும்.

நூறையும் எழுதினாள். 56 சரி, 44 தவறு. கழித்தது போக 41.33. புள்ளி வைத்தவை 30. அவற்றில் சரியாக வந்தவை 4 மட்டும். அந்த முப்பதையும் தொடாமல் விட்டிருந்தால் 52 சரி, 18 தவறு, மார்க் 46. கணக்குத் தெரிந்தவர்கள், நான்கு விடையில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் போட்டால் சராசரியாக லாபமும் இல்லை நஷ்டமும் இல்லையே என்பார்கள். சரிதான். ஆனால் பாதி தெரிந்தவளைப் பிடிப்பதற்கென்றே தவறான விடைகளை யோசித்து வைக்கிறார்கள். அதனால் அவள் யூகம் நான்கில் ஒன்றுகூடத் தேறவில்லை. நேரமும் போயிற்று.

தவறுகளைப் பிரித்துப் பார்த்தால் இன்னும் சுவாரசியம். வென்டிலேட்டர், ரத்த வாயுப் பரிசோதனை, இதயத் துடிப்பு வரைபடம் எதிலும் அவளைக் குறை சொல்ல முடியாது. நானே அவளிடம் கற்றுக்கொள்ளலாம். விழுந்ததெல்லாம் சமுதாய நலம், பேறுகாலம், மனநலம். ஐசியுவுக்கு வெளியே இருக்கிற நர்சிங்கை மூன்று வருஷமாக அவள் பார்க்கவே இல்லை. சொட்டுக் கணக்குகூட வரவில்லை. 500 மில்லி டிரிப்பை 4 மணி நேரத்தில் ஏற்ற வேண்டும், மில்லிக்கு 20 சொட்டு விழும் செட், நிமிடத்துக்கு எத்தனை சொட்டு? 500ஐ 20ஆல் பெருக்கி 240 நிமிடத்தால் வகுத்தால் 41.67, அதாவது 42. முதல் வருஷ மாணவி போடும் கணக்கு. ஐசியுவில் இன்ஃப்யூஷன் பம்ப் இருக்கிறது, எண்ணைத் தட்டினால் அதுவே ஓடும். கை மறந்துவிட்டது.

அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். “அப்போ இதுக்கும் கர்த்தருக்கும் சம்பந்தமே இல்லையாக்கா?” என்றாள். அழுகை நின்று கோபம் வந்திருந்தது. நல்ல அறிகுறி என்று நினைத்தேன்.

எப்படித் தயாரானாள்

முதல் முடிவு, வருகிற செப்டம்பர் தேர்வு வேண்டாம் என்பது. நார்செட் வருஷத்துக்கு இரண்டு தடவை வருகிறது. பொதுப்பிரிவுக்கு 30 வயது வரைதான், ஓ.பி.சி.க்கு மூன்று வருஷம் கூடுதல். அவளுக்கு நேரம் இருந்தது.

இரண்டாவது முடிவு, யாரிடமும் சொல்லாமல் இருப்பது. இதை அவளே எடுத்தாள், வேதாகமத்தில் நெகேமியாவின் புத்தகத்தைப் படித்துவிட்டு. நெகேமியா எருசலேமின் அலங்கம், அதாவது மதில், இடிந்த செய்தி கேட்டு அழுததற்கும் ராஜாவிடம் வாய் திறந்ததற்கும் நடுவே கிஸ்லேவிலிருந்து நிசான் வரை மாதங்கள் போகின்றன. எருசலேமுக்கு வந்த பிறகும் மூன்று நாள் பேசாமல் இருந்து, ராத்திரியில் சில பேரோடு போய் இடிந்த இடங்களைப் பார்க்கிறான். தேவன் தன் மனதில் வைத்ததை யாருக்கும் சொல்லவில்லை என்று அவனே எழுதுகிறான். 52 நாளில் அலங்கம் எழும்பியது என்று பிரசங்கத்தில் கேட்டிருக்கிறோம். அந்த மாதங்களைப் பற்றி அவ்வளவாகக் கேட்பதில்லை. அம்மா, மூத்த தோழி, நான்: மூன்று பேருக்குத்தான் இவள் சொன்னாள். ஜெப விண்ணப்பம் கொடுக்கவில்லை. சபைக்குத் திரும்பி வந்து ஆல்டோ வரிசையில் நின்றாள். யாராவது கேட்டால், “இப்ப எழுதலக்கா” என்பாள். அது பொய்யும் இல்லை.

படிப்பு முறை சாதாரணம். நைட் வாரத்தில் புத்தகம் கிடையாது, தூக்கம் மட்டும். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி. ஆஃப் நாளிலும் டே டூட்டி வாரத்தின் காலையிலும் படிப்பாள். பெரிய நோட்ஸ் எதுவும் எழுதவில்லை. யூனிஃபார்ம் பாக்கெட்டில் அடங்கும் ஒரு நோட்டு, அதில் தவறிய கேள்விகள் மட்டும். ஒவ்வொன்றின் கீழும் விடைக்குப் பதில், ஏன் தவறியது என்று ஒரு வரி. ஒரு பக்கம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது: பிரசவ வலியின் தீவிரக் கட்டம் எங்கே தொடங்குகிறது? பழைய பார்ட்டோகிராஃபில் (பிரசவம் எப்படிப் போகிறது என்று குறிக்கும் வரைபடம்) கருப்பை வாய் 4 சென்டிமீட்டர் விரியும்போது, உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டியில் 5. அவள் எழுதியிருந்த காரணம், “காலேஜ்ல படிச்சதை அப்படியே நம்பினேன், புதுசைப் பார்க்கல.” தடுப்பூசி அட்டவணைக்கு ஒரு பக்கம். சொட்டுக் கணக்குக்கு நாலு பக்கம்; தினமும் டூட்டி ஏறியதும் ஒரு நோயாளியின் பம்ப் எண்ணை எடுத்துக் கையால் போட்டுப் பார்ப்பாளாம்.

இன்னொரு தயாரிப்பு மருத்துவமனைக்குள் நடந்தது. தேர்வுக்கு முந்தைய மாதம் டே டூட்டி வேண்டும். இன்சார்ஜ் சிஸ்டரிடம் கெஞ்சினால் கிடைக்காது. அதனால் தீபாவளி, ஹோலி, யாருடைய கல்யாணமோ வளைகாப்போ, எல்லாவற்றுக்கும் இவளே டூட்டி மாற்றிக்கொடுத்தாள். மார்ச்சில் கேட்டபோது வார்டில் பாதிப்பேர் இவளுக்குக் கடன்பட்டிருந்தார்கள். ஊரில் அம்மா தாலுகா ஆபீசுக்கு நடந்து ஓ.பி.சி. நான்-கிரீமிலேயர் சான்றிதழை மத்திய அரசு வடிவத்தில் வாங்கி வைத்தார். நம் ஊர் பி.சி. சான்றிதழே போதும் என்று இருந்துவிட்டு கடைசி வாரத்தில் தவிக்கும் பெண்களைப் பார்த்திருக்கிறேன்.

ஜெபம்? அதைப் பற்றி அவள் அதிகம் சொன்னதில்லை, நானும் தோண்டவில்லை. ஒன்று மட்டும் தெரியும். காலை ஹேண்டோவர் முடிந்து ஷேர் ஆட்டோவில் வரும்போது ஒரு சங்கீதம் வாசிப்பாள், அன்றைக்குப் பார்த்த நோயாளிகளைப் பெட் நம்பர் சொல்லி ஜெபிப்பாள். தேர்வுக்காகக் கேட்பதை ஒரு கட்டத்தில் விட்டுவிட்டதாகச் சொன்னாள். “அவருக்குத் தெரியும்லக்கா. திரும்பத் திரும்பக் கேட்டா நான்தான் பயப்படுதேன்.” இதை விசுவாசக் குறைவு என்று சொல்ல ஆள் இருப்பார்கள். அவளைக் கிட்டே இருந்து பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன், பயம் அடங்கியது அங்கேதான். பயம் அடங்கியதால்தான் தெரியாத கேள்வியைத் தொடாமல் விடும் தைரியம் வந்தது.

முடிவுகள்

ஏப்ரலில் பிரிலிம்ஸ் தேறினாள். இரண்டு மூன்று வாரத்தில் மெயின்ஸ். 160 கேள்வி, 3 மணி நேரம், பெரும்பாலும் ஒரு நோயாளியின் நிலையைச் சொல்லி அடுத்து என்ன செய்வாய் என்று கேட்பது. தரவரிசை மெயின்ஸ் மார்க்கில்தான். அதில் பின்னால் போனாள், இடம் கிடைக்கவில்லை.

அந்த வாரம் மறுபடி பழையபடி ஆகிவிடுமோ என்று எனக்குப் பயம் இருந்தது. இரண்டு நாள் போனை எடுக்கவில்லை. மூன்றாவது நாள் அவளே கூப்பிட்டு, மெயின்ஸில் குழந்தைகள் நலம் நிறைய வந்தது, அதற்கு என்ன புத்தகம் என்று கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை பாட வந்தாள். தேர்வு எழுதியதே யாருக்கும் தெரியாததால் யாரிடமும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. போன வருஷத்துக்கும் இந்த வருஷத்துக்கும் நான் கண்ட பெரிய வித்தியாசம் அதுதான்.

செப்டம்பரில் மறுபடி எழுதினாள். இந்தத் தடவை இடம் கிடைத்தது. டெல்லி இல்லை, மதுரையும் இல்லை, வடக்கே வேறொரு எய்ம்ஸ். அம்மாவுக்கு அதில் ஒரே குறை, இன்னும் கொஞ்சம் பக்கத்தில் வந்திருக்கலாமே என்று.

சாட்சி சொல்லச் சொன்னார்கள். மறுக்க முடியாது. எழுந்து நின்று, இரண்டு தடவை பிரிலிம்ஸிலேயே தேறவில்லை, ஒரு தடவை மெயின்ஸில் போயிற்று, நடுவில் சில மாதம் ஆராதனைக்கே வரவில்லை, அப்போதும் கர்த்தர் என்னை விடவில்லை என்றாள். நாலு வாக்கியம். தலை, வால் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. முடிந்ததும் இரண்டு இளம் நர்ஸ்கள் அவளைப் பிடித்துக்கொண்டார்கள், நோட்டு ஜெராக்ஸ் வேண்டும் என்று. கொடுத்தாள். ஆனால் இது என் தப்புகள், உங்களுக்கு உதவாது, உங்கள் தப்பை நீங்கள் எழுதுங்கள் என்றாள்.

இதை இப்படி முடித்துவிட்டால் உழைத்தால், ஜெபித்தால் எல்லாம் கிடைக்கும் என்று ஆகிவிடும். அப்படி இல்லை. எனக்கு முதலில் போன் செய்த அந்த மூத்த தோழியும் அதே அறையில், அதே முறையில், இவளோடேயே படித்தாள். ராத்திரி ஜெபமாலை சொல்லாமல் படுத்ததில்லை. அவளுக்கு இரண்டு தடவையும் மெயின்ஸில் கிடைக்கவில்லை. பொதுப்பிரிவு என்பதால் 30 வயது தாண்டியதும் கதவு மூடிவிட்டது. இப்போது அயர்லாந்து போக ஓஇடி எழுதப்போகிறாள், மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வு அது. அதில் 45 நிமிடத்துக்குள் நோயாளியின் குறிப்பைப் படித்து ஒரு கடிதம் எழுத வேண்டும். வாரத்துக்கு ஒன்று எழுதி எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறாள். இலக்கணம் பரவாயில்லை. நோயாளியைப் பற்றித் தெரிந்த எல்லாவற்றையும் எழுதிவிடுகிறாள், எதை விட வேண்டும் என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை. வருகிற வாரம் அதை மட்டும் உட்கார்ந்து பார்க்கப்போகிறோம்.